ஐம்பது மீட்டர்

ஜூன் மாதம் குடமுருட்டியில் வெறும் மணல்.
அதனால் பத்தாம் வகுப்பு பி பிரிவில்
பெஞ்சின் மேல் குப்புறப் படுத்து நீந்தினோம்.
இடது கை, வலது கை, மூச்சு.
பெருக்க வந்த அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு
அடுத்த வகுப்பைப் பெருக்கப் போனார்.

கல்லணை திறந்த நாலாம் நாள் தண்ணீர் வந்தது.
முன்னால் நுரை, ஒற்றைச் செருப்பு,
அவசர வேலை இருப்பதுபோல்
நடுவில் ஒரு தெர்மாகோல் துண்டு.

புஷ்பலீலா மிஸ்ஸுக்கு நீச்சல் தெரியாது.
அவர் கபடி. நெட்டை.
படித்துறையிலிருந்து மதகு வரை கரையில் நடந்து
அறுபத்தைந்து எட்டு எண்ணி
"ஐம்பது மீட்டர்" என்றார்.
அன்றிலிருந்து அது ஐம்பது மீட்டர்.

ஆற்றோடு போனால் முப்பத்தொரு விநாடி.
எதிர்த்து வந்தால் எழுபது.
பர்கானா இரண்டையும் கூட்டி, பாதியாக்கி,
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்.
எனக்கு முப்பத்தொன்றுதான் பிடித்திருந்தது.
வீட்டில் அதைத்தான் சொன்னேன்.

தஞ்சாவூர்க் குளத்தில் தண்ணீர் நீலமாக நின்றது.
குதித்ததும் யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை.
வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவர்
சட்டென்று வாயை மூடிக்கொண்டதுபோல் இருந்தது.
பிறகு சுவர் வந்தது.
ஆற்றில் ஏது சுவர்?
பிடித்து நின்றேன், கண்ணைத் துடைத்தேன், திரும்பினேன்.
அதற்குள் பக்கத்துப் பாதைக்காரி
தண்ணீருக்குள்ளேயே குட்டிக்கரணம் போட்டுப்
பாதி தூரம் போயிருந்தாள்.

எனக்கடுத்து ஜெசிந்தா.
நான் சுவரைத் தொடுமுன் குதித்துவிட்டாள்.
நடுவர் கையைத் தூக்கினார். தகுதி நீக்கம்.

பேருந்தில் ஐயம்பேட்டை வரை யாரும் பேசவில்லை.
ஐயம்பேட்டையில் ஜெசிந்தா சொன்னாள்:
"நீ வந்திருப்பேன்னு நெனச்சுட்டேன்டி."
இதைவிட மோசமாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

செந்தாமரை மட்டும் இருநூறு மீட்டரில் முதல்.
நீந்தியது மூன்றே பேர்,
அதில் ஒருத்திக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.
இருந்தாலும் முதல் என்றால் முதல்தான்.
காலைக் கூட்டத்தில் கைதட்டச் சொன்னார்கள்.

நவம்பரில் ஆறு கரையைத் தொட்டது.
மணல் மூட்டை, காவலர், ஆட்டோவில் ஒலிபெருக்கி:
யாரும் இறங்காதீர்கள்.
செந்தாமரை வீட்டுச் சம்பா முழுகி மூன்று நாள்.
எங்கே பார்த்தாலும் தண்ணீர்,
நீந்தத்தான் இடமில்லை.
விடிந்தால் வடிகால் வெட்டப் போவாள்,
இருட்டினால் தோளைப் பிடித்துக்கொண்டு வருவாள்.
இதுவும் பயிற்சிதான் என்று யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் அடித்திருப்பாள்.

டிசம்பரில் சென்னை. எட்டுப் பேரில் ஏழாவது.
அங்கே கொடுத்த டீ-சர்ட்டை
நாங்கள் நாலு பேரும் முறை வைத்துப் போட்டோம்,
வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவதுபோல.

ஜனவரி கடைசியில் மேட்டூரை அடைத்தார்கள்.
மாசி பிறந்ததும் மணல் தெரிந்தது.
பர்கானாவின் அத்தா கொத்தனார்.
அவர் டேப்பைக் கேட்காமல் எடுத்து வந்திருந்தாள்.
கடைசிப் படியில் நான் நுனியைப் பிடிக்க
அவள் மதகு வரை நடந்தாள்.

ஐம்பத்தாறு மீட்டர், நாற்பது சென்டிமீட்டர்.

மறுபடி அளந்தோம். அதேதான்.
மிஸ் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

பர்கானா மணலில் உட்கார்ந்து
ஜூலையிலிருந்து எல்லா நேரத்தையும் திருத்தினாள்.
வேகமாகத்தான் நீந்தியிருக்கிறோம்.
அந்தக் கணக்கிலும் எனக்குப் பதக்கம் இல்லை.

ஜெசிந்தா மதகிலிருந்து திரும்பி நடந்து
சரியாக ஐம்பதில்
குதிகாலால் ஒரு கோடு கிழித்தாள்.
அதன் மேல் ஏறி, குனிந்து, கைகளை நீட்டி
"வாடி" என்றாள்.
படித்துறையிலிருந்து ஓடினேன்.
மணல் காலை இழுத்தது.
கோட்டைத் தொட்டேன்.
தொட்ட பிறகுதான் குதித்தாள்.
வாயெல்லாம் மணல்.