சரக்கு பெறப்பட்டது

கோடம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி
டைல்ஸ் கடை மாடி என்று கேட்டால்
எந்த டைல்ஸ் கடை என்பார்கள்.
மூன்று இருக்கிறது.
ஷட்டர் பாதி இறங்கிய கடைதான்.
குனிந்து போனால் வரிசையாய் வாஷ்பேசின்கள்,
தண்ணீர் வராத குழாய்கள்,
நடுவே படி.

டிக்கெட் இருநூறு.
முத்திரை கொண்டுவர மறந்துவிட்டார்களாம்;
கடை மேசையிலிருந்து ஒன்றை எடுத்து
மணிக்கட்டில் ஓங்கி வைத்தான் ஒரு பையன்:
சரக்கு பெறப்பட்டது.
உள்ளே கிடைத்தது எலுமிச்சை சோடாவும்
முட்டை பப்ஸும்.

நாற்பத்தொரு பேர்.
எண்ணிவிட்டேன், பழக்கதோஷம்.
கண் ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில்
பதினொரு வருடமாய் உட்கார்ந்திருப்பவள்
எங்கே போனாலும் தலைகளை எண்ணுவாள்.
ஒரே ஒரு ஏசி. அதுவும்
மேடையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.
பாத்ரூமில் கோப்பையின் மேல்
விலைச்சீட்டு ஒட்டியிருக்க, பயந்து திரும்பிவிட்டேன்.

முதலில் 'டெபாசிட் காலி'.
பாடிய நேரத்தைவிட
ஸ்ருதி சேர்த்த நேரம் அதிகம்.
வருவதா வேண்டாமா என்று
மீசை இன்னும் முடிவுசெய்யாத பாடகன்.
"செக், செக்" என்றதற்கே
நண்பர்கள் விசிலடித்தார்கள்.
நானும் கைதட்டினேன்,
தப்பாக வாசித்த இடத்தில்
எங்களைப் பார்த்து அவன் சிரித்ததற்கு.

அடுத்து 'கழிமுகம்'. பாட்டே கிடையாது.
நான்கு பேர், ஒருவரும் நிமிரவில்லை.
செருப்பைத் தொலைத்தவர்கள்போல் தரையையே பார்த்தபடி
ஒரே சுரத்தை இருபது நிமிடம் தேய்த்தார்கள்.
எண்ணூர்ப் பக்கம் பஸ் நின்றுபோன ஒரு மதியம்,
சாம்பல் தண்ணீர், ஒரு படகு, அதில் யாருமில்லை,
அப்படி ஏதோ வந்துபோனது எனக்கு.
பக்கத்தில் ஒருவன் போனில் கிரிக்கெட் பார்த்தான்.
அவன் தலையும் ஆடியது, சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவதுக்குத்தான் கூட்டம்:
'நாளை கடை விடுமுறை'.
ட்ரம்ஸில் ஷமீமா, முழங்கை வரை மருதாணி,
யாருடைய கல்யாணமோ, நேற்றாக இருக்கும்.
அவள் மிதித்த ஒவ்வொரு மிதிக்கும்
கீழே கடையின் கண்ணாடி அலமாரி
அரை நொடி பிந்திப் பதில் சொன்னது.
காதில் வைத்த பஞ்சை எடுத்து எறிந்தேன்.
விலா எலும்புக்குள் யாரோ
நாற்காலிகளை இழுத்துப் போடுகிறார்கள்.
கத்தினேன். என்ன கத்தினேன், தெரியாது.
காலையிலிருந்து
"ஆதார் காப்பி வேணும் சார்"
"மூணாவது கவுண்டர் போங்கம்மா"
என்று மட்டுமே சொன்ன தொண்டை.

பத்தேகாலுக்கு அறை வடிந்துவிட்டது,
பாதி ஆட்டோவுக்கு, பாதி பசிக்கு.
நான்காவது குழுவுக்குப் பெயர்கூட இல்லை.
போஸ்டரில் 'மற்றும் பலர்' என்று போட்டிருந்தது
இந்த இரண்டு பேரைத்தான்.
ரூஃபஸ், தமிழ்க்கொடி
என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.
முதல் பாட்டிலேயே தந்தி அறுந்தது.
மீசைப் பையன் தன் கிடாரை
உறையிலிருந்து மறுபடி எடுத்து நீட்டினான்.

எண்ணினேன்: பதினொரு பேர்.
ஒன்பது பேர் முன்னால் வாசித்தவர்கள்.
ஒருவர் ஷமீமாவின் அப்பா,
சிம்பல் பையை மடியில் வைத்துக்கொண்டு காவல்.
ஆக, கேட்க வந்தவள் நான் ஒருத்தி.

தமிழ்க்கொடி மைக்கை விட்டு விலகி
குரலை அப்படியே அறையில் வைத்தாள்.
வேளச்சேரியில் வெள்ளம் வடிந்த மறுநாள்
மொட்டைமாடியில் மெத்தை காயப்போடுகிறார்கள்.
அவ்வளவுதான் பாட்டு.
மெத்தை காயவில்லை,
திருப்பிப் போடுகிறார்கள்,
காயவில்லை.
நிமிராத நால்வரும் நிமிர்ந்திருந்தார்கள்.
நடுவில் ஏசி சத்தம் நின்றது;
யாரோ அணைத்திருக்க வேண்டும்.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை, கொஞ்ச நேரம்.
ஷமீமாவின் அப்பா மட்டும் "ம்" என்றார்.

பதினொன்று ஐந்துக்குத் தாம்பரம் வண்டி.
பெண்கள் பெட்டியில் எதிரே
டெலிவரி சட்டை போட்ட ஒருத்தி
என் மணிக்கட்டைப் படித்துவிட்டு
"எங்கேக்கா சரக்கு?" என்றாள்.
"தீர்ந்துபோச்சு" என்றேன்.

பொய்.
காதில் ஏறிய ரீங்காரம்
பரங்கிமலையிலும் இறங்கவில்லை.