மிச்சம் மூன்று டோஸ்

குப்பியைக் கலக்கிவிட்டால்
இரண்டு மணி நேரம்தான் அதன் ஆயுசு.
அதற்குள் நூறு மாட்டைத் தேடி
நானும் ஐஸ் பெட்டியும்
பொன்மனைக்கு மேலே ரப்பர் விளைகளில்
ஏறி இறங்க வேண்டும்.
மாடு இருக்கும் வீட்டில் ஆள் இருக்காது.
ஆள் இருக்கும் வீட்டில்
மாட்டை நேற்றுத்தான் விற்றிருப்பார்கள்.

குப்பியின் மேல் எழுதியிருந்ததை
எழுத்துக்கூட்டிப் படித்த ஒருவர் கேட்டார்:
"இது ஆட்டுக்கு உள்ளதுல்லா?"
ஆமாம், ஆட்டம்மைக்குச் செய்த மருந்துதான்.
மாட்டுக்கு வந்திருப்பது அதன் பங்காளி.
பெரியப்பா மகன் முகத்தைக் காட்டிவைத்தால்
சித்தப்பா மகன் வரும்போது
உடம்பு நடையிலேயே மறித்துக்கொள்ளும்.
இப்படிச் சொன்னால்தான் தலையாட்டுகிறார்கள்.
பாடப்புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தது.
அதற்கும் மூன்று வாரம் ஆகும் என்பதை
கடைசியில், வண்டியை எடுக்கும்போது சொல்வேன்.

நேற்று பார்த்த மாடு
கண்ணை விட்டுப் போகவில்லை.
கழுத்திலிருந்து மடி வரை
தோலுக்கடியில் யாரோ
புளியங்கொட்டை விதைத்த மாதிரி.
முன்னங்கால் நீர் கோர்த்து
படுக்க முடியாமல் மூன்று நாளாய் நின்றது.
வந்தபிறகு ஊசியால் பிரயோஜனமில்லை.
வேப்பெண்ணெய் தடவச் சொன்னேன்,
தொழுத்தில் புகை போடச் சொன்னேன்.
ஞானசீலி அதன் காதோடு வாய் வைத்து
ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.
அவள் முடிக்கும்வரை
ரப்பர் பூட்ஸை இரண்டாம் தடவையும் கழுவினேன்.

இன்றைக்குக் கடைசியாக இரண்டு வீடு.
அம்புறோஸ் இந்தப் பக்கம்,
தம்பி லாறன்ஸ் அந்தப் பக்கம்,
நடுவில் இடுப்புயரக் கையாலை.
கையாலை மேல் ஓர் அயனி மரம்.
மரம் யாருக்கு என்று
பத்மநாபபுரம் கோர்ட்டில்
பதினோரு வருஷமாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.
கல்யாணத்துக்குச் சொல்வதில்லை.
சாவுக்கு வந்தால் முற்றத்தோடு சரி.

லாறன்சின் இரண்டு ஜெர்சிக்கும் போட்டாயிற்று.
அம்புறோஸ் பாலெடுக்க
வாளியைத் தூக்கியபடியே சொன்னார்:
"அவனுக்க மாட்டுக்குக் குத்துன மருந்து
எனக்க மாட்டுக்கு வேண்டாம்."

சொல்ல நினைத்தேன்,
அங்கே கடித்த ஈ இங்கே வருவதற்குப்
பட்டா கேட்காது என்று.
அந்த வீட்டு மாடுகளுக்குப் போட்டதில்
உங்கள் மாட்டுக்கும் கொஞ்சம் காவல் வந்தாயிற்று,
நீங்கள் வேண்டாம் என்றாலும்
தம்பி கொடுத்தது கொடுத்ததுதான் என்று.
சொன்னால் அதற்கும் ஒரு கேஸ் போடுவார்.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
இருபது நிமிடம். மூன்று டோஸ்.

வாளிச் சத்தம் மேட்டில் மறைந்ததும்
அடுக்களைப் பக்கம் கயிறு அசைந்தது.
அவர் மனைவி றோசம்மாள்
பசுவையும் கிடாரியையும் நடத்திவந்து
கையாலையோரம் நிறுத்தினாள்.
அந்தப் பக்கமிருந்து லாறன்சின் மனைவி
ஒரு வார்த்தை பேசாமல்
கையாலைக்கு மேலாகக் கையை நீட்டி
கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.
கழுத்துத் தோலைக்
கூடாரம்போல் தூக்கினேன்.
ஒரு மில்லி.
அப்புறம் கிடாரிக்கு. அது துள்ளியதில்
என் செருப்பில்லாத ஆள்போல பூட்ஸ் ஒன்று
சாணிக்குள் நின்றுவிட்டது.
மூன்று பேரும் சத்தமில்லாமல் சிரித்தோம்.
அயனி இலை ஒன்று விழுந்தது.
யார் பக்கம் என்று நான் பார்க்கவில்லை.

மூன்றாவது டோஸுக்கு மாடு இல்லை.
பிளீச்சிங் தண்ணீரில் ஊற்றிவிட்டு
பதிவேட்டில் 'வீண்: ஒன்று' என்று எழுதினேன்.
உரிமையாளர் என்ற கட்டத்தில்
கொஞ்சம் யோசித்து
றோசம்மாள் என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்து
பால் சொசைட்டியில் வைத்து அவள் சொன்னாள்.
பசுவின் கழுத்தில் நெல்லிக்காய் அளவு வீக்கம்.
அவர் விரலால் அமுக்கிப் பார்த்தாராம்.
"இது என்னட்டீ?"
"ஈ கடிச்சதாக்கும்."
கொஞ்ச நேரம் பசுவையே பார்த்து நின்றுவிட்டு
கேட்டாராம்:
"அவனுக்க வீட்டு ஈயா?"