ஜெல்லிமீனின் ஒன்பதாவது கிலோமீட்டர்

முதல் ஆடை குளியலறையில் செத்தது.
ஷவருக்கு அடியில் ஸண்டா கைதூக்கி நின்றாள்,
கதவோரம் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பதாவது நொடியில் இடத்தோள் அணைந்தது,
அறுபதில் முதுகு.
"வேர்வை இதைவிட உப்பு" என்றாள்,
தலை துவட்டாமல்.

லியெபாயாவில் நவம்பர். நாலரைக்கே இருட்டு.
பால்டிக் காற்று ஜன்னல் இடுக்கில் விசிலடிக்கிறது.
டிராம் பணிமனையில் ஒயர் மாற்றுகிறவன் நான்;
டிராம் குலுங்கும், குதிக்காது.
மனுஷி ஓடுவது வேறு கணக்கு:
நிமிடத்துக்கு நூற்றெழுபது
சின்னச் சின்ன விபத்து.

ஒற்றைக் கம்பி கெட்டி; கெட்டியானதால் ஒடிந்தது.
மெல்லிழை நூறு முறுக்கியது
வளைந்து வளைந்து பிழைத்துக்கொண்டது.
பற்றவைத்த இடத்தில் எதுவும் அறுவதில்லை,
ஒரு விரற்கடை தள்ளித்தான் அறும்,
விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கிற எல்லையில்.
அந்த எல்லைக்கு ஒரு சிலிக்கான் சட்டை,
இழுத்தால் விட்டுக்கொடுக்க ஒரு சுருள்.
சூட்டுப் பசை குளிரில் மிட்டாயாய் நொறுங்கியது.
தையல் நூலும் தாங்கவில்லை.
பல்லிடுக்கு நூலால் தைத்தேன்,
மூன்று வாரம் என் விரல்களில் புதினா வாசம்.

பேட்டரியை வெளியே தொங்கவிட்டது என் முட்டாள்தனம்.
மைனஸ் நான்கில் அது பாதி வழியில் தூங்கிப்போகும்.
"வயிற்றோடு கட்டு" என்றாள்,
"முயல்குட்டி மாதிரி வைத்துக்கொள்கிறேன்."

நள்ளிரவில் படிக்கட்டுச் சோதனை.
ஐந்து மாடி ஏறி, இறங்கி, ஏறி,
ஒளிரும் குடையும் பன்னிரண்டு விழுதுமாய் அவள்.
முதல் மாடி ரைவிஸ் சண்டைக்கு வந்தான்,
உள்பனியனோடு, வாயைத் திறந்தபடி.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
"ஏழாவது வால் மினுங்குகிறது."
போய்விட்டான்.
சரிதான். ஏழாவதில் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தது.

போட்டி இரவில் மழை பக்கவாட்டில் பெய்தது.
மூன்றாம் கிலோமீட்டரில் ஒரு டிராகனுக்குத் தலை போனது.
பாலத்தருகே யாருடைய விண்மீன்களோ
கொத்தாகச் சேற்றில்.
அட்டைக் கலங்கரை விளக்கம் ஒன்று
கைப்பேசி வெளிச்சத்தில் தடவித் தடவி ஓடியது.
எங்கள் ஜெல்லிமீன் மட்டும்
(பன்னிரண்டும்! எட்டாவது கிலோமீட்டரில் எண்ணினேன், பன்னிரண்டும்!)
கடற்கரைப் பக்கம் திரும்பியது.
திரும்பியது, அப்புறம் வரவில்லை.

ஆடை தாங்கியது.
முழங்கால் தாங்கவில்லை.

எது வளையும் எது ஒடியும் என்று
எத்தனை இரவு வரைந்திருப்பேன்;
அந்த வரைபடத்தில் அவள்
பேட்டரி வைக்கும் இடம்.

பலகைப் பாதையோரம் கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள்,
மழை அவள்மேல் நீலமாய் விழுந்து வழிந்தது.
குனிந்தேன்.
"அணைக்காதே" என்றாள்.
எதைச் சொன்னாள் என்று கேட்கவில்லை.
ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து அவளே சாய்ந்துகொண்டாள்.

கடைசியாய்க் கூம்பு பொறுக்குகிறவர்கள் வந்தார்கள்,
இரண்டு பேர், ஒரு தள்ளுவண்டி.
அவர்கள் டார்ச் எப்போதோ நனைந்து போயிருந்தது.
"வண்டி வர அரைமணி ஆகும்.
அதுவரை இதில் உட்காருங்களேன், வெளிச்சம் வேண்டும்."
கூம்புகளுக்கு நடுவே ராணிபோல ஏறி உட்கார்ந்தாள்.
ஒவ்வொரு கூம்பும் கிட்டப் போகப் போக
மணலிலிருந்து ஆரஞ்சாக முளைத்தது.
எல்லைக்கோட்டை அப்படித்தான் கடந்தோம்.
யாரும் கைதட்டவில்லை, யாரும் இல்லை.

வீடு. ஐந்து மாடி.
படிக்கட்டு விளக்கு வழக்கம்போலப் பாதியில் அணைந்தது.
சத்தம் கேட்டு ரைவிஸ் கதவைத் திறந்தான்,
அதே பனியன்.
மேலிருந்து கீழாக ஒருமுறை எண்ணினான்.
"ஏழாவது சரியாகிவிட்டது" என்றபடி
அவளுடைய மறுபக்கத் தோளுக்கு வந்தான்.