பச்சைக்கு ஒரு க்

முட்டத்துக் கரையில் வள்ளம் கவிழ்ந்து கிடக்கிறது.
தடைக்காலம் முடிய இன்னும் ஒன்பது நாள்.
பெயின்ட் கடை அட்டையில் பதினோரு பச்சை.
எதை வாங்க என்று கேட்டதற்கு
டோனிகாலிலிருந்து ஆன்சல் வாய்ஸ் அனுப்புகிறான்:
'க்ளாஸ்.'

கண்ணாடியா என்றேன். சாயா கிளாஸா என்றேன்.
இல்லையாம். அயர்லாந்துக்காரர்களின் சொந்தப் பாஷையில்
அது ஒரு நிறம்.
புல்லும் க்ளாஸ், மலையும் க்ளாஸ்,
சாம்பல் குதிரையும்
மழைக்கு முந்தின கடலும் அதுவே.
பக்கத்து வேல்ஸில் அதே சொல் நீலமாம்.
இதைக் கடைக்கார ரெத்தினசுவாமியிடம்
நான் எப்படிப் போய்ச் சொல்ல?

வேர் தோண்டினால் மினுக்கம் வருமாம்,
பொன்னுக்குக்கூட ஏதோ சொந்தமாம்.
அதிலென்ன அதிசயம், நமக்குப் பைம்பொன் இல்லையா?
பச்சை மீனில் பச்சை எங்கே இருக்கிறது?
பச்சைத் தண்ணீரில்?
ரெண்டே வருசம், கடன் அடைஞ்சிரும் என்று
நீ சொல்லிப்போன பச்சைப் பொய்யில்?

தூரத்து மலையெல்லாம் க்ளாஸ் என்று
அங்கே ஒரு பழமொழி, என ஆரம்பித்தான்.
நிறுத்து, அது இங்கேயும் உண்டு என்றேன்.

அங்கே முதலில் கடல் என்பார்கள்,
என்ன மாதிரிக் கடல் என்பது அப்புறம்.
கடல் பெண்பால்.
பெண்பாலை ஒட்டி நின்றால்
அடைமொழியின் முதலெழுத்து இளகிவிடும்:
ஃபாரிகே ஹ்ளாஸ்.
தொண்டையில் ஒரு உரசல், அவ்வளவுதான்.
குதிரை ஆண்பால். அதன் பக்கத்தில்
விறைப்பாகவே நிற்குமாம்.

நான் ஒற்றுப்பிழைக்கு அரை மார்க் குறைக்கிற டியூஷன்காரி.
பச்சை கடல் என்று எவன் எழுதினாலும்
நடுவில் சிவப்பு மையால் ஒரு க் போடுவேன்.
நம் பச்சை கடலைத் தொட்டால் இறுகும்.
அவர்கள் பச்சை இளகும்.
இதை அப்படியே டைப் செய்து அனுப்பினேன்.

ஒற்றை டிக்.
பதினான்கு மணி நேரம் ஒற்றை டிக்.
மாதா படத்துக்கு முன்னால்
அணைந்த திரியை மறுபடி ஏற்றி,
மறுபடி போனைப் பார்த்து.

விடியும்போது சிரித்துக்கொண்டே பேசினான்:
அதே சொல்லுக்குப் பூட்டு என்றும் பொருளாம்.
கேப்டன் கதவைக் காட்டிக் கத்தியிருக்கிறான், க்ளாஸ் க்ளாஸ் என்று.
இவன் கடலை எட்டிப் பார்த்திருக்கிறான்.

ஏழாம் நம்பர் வாங்கினேன்.
காய்ந்தால் சாம்பல், நனைந்தால் பச்சை.
அரசாங்கப் பச்சை இது இல்லையே என்கிறான் பெயின்டர் ஜெரோன்.
அதை அப்புறம் பார்க்கலாம்.

ராத்திரி எழுத்தில் ஒரு வரி வந்தது:
பச்சை கடல், அலை ரெண்டாள் உயரம், கை வலிக்கி.
அந்த க்
இன்னும் என் கையில்தான் இருக்கிறது.