அருவா ஒன்றுக்கு ஒன்பது

மூலைக்கரைப்பட்டி தாண்டி, உடைமரக் காட்டுக்குள்,
எங்கள் நிலையத்தில் தொலைநோக்கி கிடையாது.
வானத்தைப் பார்க்க எங்களிடம் இருப்பது
அரை லிட்டர் மண்ணெண்ணெய்,
அதைச் சுற்றிச் செம்புக் கம்பி.

ரேஷன் எண்ணெயா என்று
சேர்ந்த அன்றைக்கே கேட்டேன்.
அதேதான், கொஞ்சம் வடிகட்டியது என்றார் பிரமநாயகம் சார்.
மின்சாரம் விட்டு நிறுத்தினால்
எண்ணெய்க்குள் புரோட்டான்கள்
சாயப்போகும் பம்பரமாய்த் தலை சுற்றும்,
நொடிக்கு ஆயிரத்து எழுநூறு தடவை.
சூரியன் முகம் சுளித்தால் கணக்கு மாறும்.

காந்த ஊசி வடக்கே போகப் போகத் தலை கவிழுமாம்.
இங்கே ஏறத்தாழ மட்டமாய்க் கிடக்கிறது,
யாருக்கும் குனியாமல்.
எங்க ஊர்க்காரன்தான்.

உணரி அறைக்குள் இரும்பு நுழையக் கூடாது.
கீலும் ஆணியும் பித்தளை.
செங்கல்லைக்கூட ஊசிக்குக் காட்டித்தான் வாங்கினார்கள்.
கேட்டோரம் மரப்பெட்டியில் போட வேண்டும்
சாவிக்கொத்து, போன், கொண்டை ஊசி, செருப்பு.
தாலியில் கோத்த ஊக்கை ஒருநாள் மறந்து
அது காட்டிய ஏற்ற இறக்கத்தை
அரைமணி நேரம் அயனி மண்டலம் என்று நம்பினேன்.
ரவிக்கைக்குக் கொக்கியை எடுத்துவிட்டு நாடா தைத்தேன்.
அத்தை கேட்டதற்கு, யூனிஃபார்ம் என்றேன்.

ஆடு மேய்க்கும் உச்சிமாகாளிக்கு இதெல்லாம் தெரியாது.
போன பங்குனியில் வேலிமுள்ளை விலக்கிக்கொண்டு
அருவாளும் கையுமாய் அறைச் சுவரோரம் வந்து
"ஏளா, என் கருப்புக்குட்டி இங்கன வந்துச்சா?" என்றார்.
திரையில் கோடு துள்ளியது.
நாற்பதாயிரத்தில் ஒன்பது.
குட்டி சுவர்நிழலில்தான் நின்றது,
கழுத்தில் மணி இல்லாததால்
எந்தக் கணக்கிலும் வராமல்.

குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
15.42 முதல் 15.51 வரை அருவா.
வடக்கே தலைமை அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள்:
அருவா என்பது என்ன கருவி, எந்தக் கம்பெனி?
பிரமநாயகம் சார் பதில் போட்டார்:
உள்ளூர்த் தயாரிப்பு.

சித்திரைக் கடைசி. இரவுப் பணி, தனியே.
பன்னிரண்டு நாற்பதுக்குக் கோடு நிமிர்ந்தது,
ஒரே மூச்சில் அறுபது.
வகுத்துப் பார்த்தேன். வேறென்ன செய்வேன்.
அருவா ஒன்றுக்கு ஒன்பது என்றால்
ஆறு, ஏழு.
ஏழு அருவா சேர்ந்து நடுராத்திரியில்
ஆட்டுக்குட்டி தேடி வருவதில்லை.

ஊருக்குள் போன வாரம் கொடிக்கம்பத் தகராறு.
யாரோ ஒரு பையனைத் தேடுவதாகப் பேச்சு.
விளக்கை அணைத்தேன்.
போன் பெட்டியில்.
டார்ச்சுக்குள் பாட்டரி, பாட்டரிக்கு இரும்புச் சட்டை.
எடுக்கவில்லை;
பயத்திலும் கை பழக்கத்தை விடவில்லை.
வெறுங்காலோடு வேலி ஓரம் நடந்தேன்.
"யாரு அங்கன?"
பனையில் ஓலை உரசியது.
ஆள்காட்டிக் குருவி ஒன்று
என்னைத்தான் காட்டிக் கொடுத்தபடி பறந்தது.
ஒரு பீடிக் கங்குகூட இல்லை.

தெற்கே விருச்சிகம், நேற்று இருந்த இடத்தில்.
அந்நேரம் துருவத்துப் பக்கம் வானம்
பச்சையும் சிவப்புமாய் எரிந்ததை
மறுநாள் போனில் பார்த்தேன்.
இங்கே கருப்பு. வெறும் கருப்பு.

திரும்பி வந்தபோது கோடு கவிழ்ந்து
இறங்கிக்கொண்டிருந்தது.
ஐம்பது, நூறு, இருநூற்று எண்பது.
முப்பத்தோரு அருவா, கழித்தல் குறியோடு.
எங்கள் பக்கத்துத் தகராறு எதுவும்
கழித்தல் குறியோடு வந்ததில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது,
அதற்குப் பிறகுதான் நடுக்கம்.
பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால்
இரண்டு நாள் முன்பு ஓங்கியது
இப்போதுதான் விழுகிறது,
எங்கள் அரை லிட்டர் எண்ணெய்மேல்.

உள்ளங்காலில் முள் ஏறியிருந்தது.
ஊக்கு பெட்டியில்.
வாசலில் இன்னொரு உடைமுள் ஒடித்து வந்து
அதனால் கெல்லி எடுத்தேன்.

பிறகு குறிப்புப் பத்தியில்
00.40 என்று எழுதி, கொஞ்சம் யோசித்து,
வடக்கே இருப்பவர்களுக்காக:
அருவா இல்லை.