ஏழு கிலோமீட்டர், நடுத்தரம்

வாயிற்பலகையில் மூன்று மொழி.
மூன்றிலும் ஒரே சேதி:
வட்டப் பாதை, ஏழு கிலோமீட்டர், நடுத்தரம்.
காவற்கூண்டில் ஒரு நோட்டு.
பெயர், நுழையும் நேரம், கையெழுத்து.
பூபாலன் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினான்.
அவன் மேசையில் வைக்கும்வரை காத்திருந்தேன்.

அண்ணனுக்கு நெஞ்சுக்குழாயில் கம்பிவலை வைத்து ஒன்பது வாரம்.
தினம் நடக்கணும், தனியா விடக்கூடாது,
நீ கூடப் போ என்றாள் அண்ணி.
எந்தத் திசையில் என்று சொல்லவில்லை.
அவன் இடப்பக்கம் திரும்பினான்,
நான் வலப்பக்கம்.
கோயில் என்றால் அவன் போவதுதான் முறை.
என்னுடையது
செத்த வீட்டுச் சுற்று.

ஹோவிக் தாண்டி, மே மாதக் குன்றுகள்
ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டுப்
பழுத்த புல்லில் படுத்துக் கிடந்தன.
தீ பரவாமலிருக்க எரித்த கருங்கோடு
வகிடு மாதிரி நடுவே ஓடியது.
கீழே மிட்மார் அணை,
கழுவித் துடைக்காத தட்டு.
ஹடீடா ஒன்று யாரையோ
திட்டிக்கொண்டே பறந்தது.
எனக்கும் திட்ட ஆள் இருந்தான்,
மலைக்கு அந்தப் பக்கம்.

நார்த்டேல் வீட்டை விற்ற பத்திரத்தில்
என் கையெழுத்தையும் அவனே போட்டிருந்தான்.
அதுகூடப் பரவாயில்லை.
கடைசி எழுத்தின் வால்
நான் சுழிப்பதைவிட அழகாக இருந்தது.

பாதி தூரத்தில் ஓக் தோப்பு.
எவனோ கப்பலில் கொண்டுவந்த விதை;
நீ எங்கிருந்து வந்தாய் என்று
இப்போது யாரும் அதைக் கேட்பதில்லை.
தொப்பி போட்ட கொட்டைகள்
காலடியில் உருண்டன.
கணக்குப்படி இங்கேதான் அவன் எதிரே வரவேண்டும்.
முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று
இரண்டு கிலோமீட்டராக ஒத்திகை.

முகம் தயார்.
ஆள் இல்லை.

நார்ச்சிப் பழம் ஒன்றை உரித்தேன்.
நம் நாரத்தைதான், கடல் தாண்டிப் பெயர் திரிந்தது.
ஒரு சுளை தின்றேன்.
இலை விழுந்தது. இன்னொரு இலை.
இரண்டாவது சுளை வாயிலிருக்கும்போதுதான்
ஞாபகம் வந்தது:
நாக்கடியில் வைக்கும் மாத்திரை
என் பையில்.

நடுத்தரம் என்று எழுதியவன்
இந்த ஏற்றத்தில் ஓடிப் பார்த்ததில்லை.
வாட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்
சவுபோனா என்றார்.
மூச்சு வாங்க, என் வயிற்றுக்கு முன்னால்
கையால் ஒரு தொப்பை வரைந்து காட்டினேன்.
அவர் சிரித்து
அரிவாளால் வளைவைக் காட்டினார்.

விழுந்து கிடந்த ஓர் ஓக்கின் மேல் உட்கார்ந்து
காலுறையிலிருந்து ஒட்டுமுள் பொறுக்கிக்கொண்டிருந்தான்.
உயிரோடு.
அதற்கு வந்த கோபம் தனி.

"இன்னும் எவ்வளவு தூரம்?"
வழியில் பார்க்கும் அந்நியரைக் கேட்பதுபோல் கேட்டான்.
"நீ வந்தது கொஞ்சம். நான் வந்தது அதிகம்."
எதைப் பற்றிச் சொன்னேன் என்று
இருவருமே கொஞ்ச நேரம் யோசித்தோம்.

மிச்சச் சுளைகளை வாங்கித் தின்றான்.
விதையைப் புல்லில் துப்பினான்.
"விலை இறங்கிடும்னு பயந்துட்டேன், கோகி."
இதை மன்னிப்பு என்று
எந்த அகராதியும் ஏற்காது.
மாத்திரை டப்பாவை அவன் சட்டைப்பையில் போட்டேன்.
பொத்தானும் மாட்டினேன்.

அவன் வந்த வழியே இறங்கினோம், அதுதான் கிட்டம்.
எனக்கு வட்டம் முடிந்தது.
அவனுக்குப் போனதும் வந்ததும்
ஒரே கோடு.

வாயிலில் அதே நோட்டு.
வெளியேறும் நேரம், கையெழுத்து.
அவன் காருக்குப் போய்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்,
எல்லாப் பைகளிலும், தேடிய பையிலேயே மறுபடியும்.

என் பெயருக்கு எதிரே போட்டேன்.
அவன் பெயருக்கு எதிரேயும்
நானே போட்டேன்.
காவலாளி பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

முதல் எழுத்தின் வயிறு சரியாக வரவில்லை.
இன்னும் இரண்டு தடவை வந்தால்
வந்துவிடும்.