அழுத்தம்: கருவி ஊரில் இல்லை

பக்கத்துக்கு இவ்வளவு காசு என்று பேசி
தார்த்துப் பல்கலைக்கழக நிலவறையில்
என்னை உட்காரவைத்தார்கள்.
என் பட்டம் வேதியியல்.
அந்த வருஷம் ஆலைகள் எல்லாம் மூடிக்கிடந்தன.

நூற்றுச் சொச்சம் வருஷத்துக் குளிரைக்
கணினியில் ஏற்ற வேண்டும்.
காலை ஏழு, பகல் ஒன்று, இரவு ஒன்பது.
வெப்பம், அழுத்தம், காற்றின் திசை,
வானத்தில் பத்துக்கு எத்தனை பங்கு மேகம்.
கடைசிக் கட்டம் ‘குறிப்பு’.
அதை விட்டுவிடுங்கள் என்றார் குஸ்க்,
எண்ணாய் இல்லாததை நிரல் வாங்காது.

முதல் ஏடுகள் ஜெர்மனில்.
பேராசிரியர் ஃபொன் ஹெர்மெலிங்கின் கையொப்பம்
மாதக் கடைசியில் மட்டும்.
அதுவும் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே மை,
ஒரே நாளில் உட்கார்ந்து போட்டது.
நாளுக்கு மூன்று வேளை பனியில் ஏணியேறியது யாரென்று
ஏடு சொல்லவில்லை.

ஒரு ஏழு மட்டும் தனியாய்த் தெரிந்தது.
காலடியில் சின்னக் கொக்கி,
தூண்டில் முள் மாதிரி.
ஜெர்மன் போய் ருஷ்யன் வந்தது.
தோர்ப்பாத் யூரியெவ் ஆயிற்று.
தலைப்பெல்லாம் அழித்து எழுதினார்கள்.
கொக்கி ஏழு அப்படியே.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்
சம்பளப் பேரேட்டில் தேடினேன்.
பேராசிரியர், துணைப் பேராசிரியர், கண்ணாடிக் கருவி செய்பவர்,
எல்லாரையும் தாண்டி
விறகு, விளக்கெண்ணெய்க்குப் பிறகு
அடுப்பு மூட்டுகிறவள்: லேனு வாஹெர்.
பெற்றுக்கொண்ட தொகையை அவளே எழுதியிருக்கிறாள்,
ஏழு ரூபிள்.
காலடியில் கொக்கி.

1918 ஜனவரி முப்பத்தொன்று, இரவு:
மைனஸ் பதினொன்று புள்ளி நான்கு.
அடுத்த வரி பிப்ரவரி பதினான்கு.
நடுவில் தாள் கிழிந்திருக்குமோ என்று
தையல் நூலை விரலால் எண்ணிப் பார்த்தேன்.
பதின்மூன்று நாள், முப்பத்தொன்பது அளவு.
குஸ்க் சிரித்தார்.
பழைய நாள்காட்டியை அன்றைக்குத்தான் கைவிட்டார்கள்;
அந்தத் தேதிகள் இந்த ஊரில் விடியவே இல்லை.

அவளுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.
ருஷ்யத் தலைப்பின் கீழ், குறிப்புக் கட்டத்தில்,
அத்தனை வருஷத்தில் முதல் முறையாக எஸ்தோனியனில்,
பென்சிலால்:
நான் வந்தேன். நாள்தான் வரவில்லை.

அந்தக் கோடையில் போருக்குப் பயந்து
கருவிகளைப் பெட்டியில் அடைத்து
வரோனெஷுக்கு ரயிலேற்றினார்கள்.
புத்தகங்களும் போயின, பேராசிரியர்களும் போனார்கள்.
வெப்பமானி மட்டும்
ஜன்னலில் துருப்பிடித்த ஆணியோடு ஒட்டிக்கொண்டதாலோ என்னவோ
தப்பிவிட்டது.
அவள் கட்டத்தைக் காலியாக விடவில்லை.
காலை: அழுத்தம், கருவி ஊரில் இல்லை.
பகல்: கருவி ஊரில் இல்லை.
இரவும் இல்லை.
ஒன்றரை வருஷம், நாளுக்கு மூன்று தடவை,
எங்கோ தண்டவாளத்தில் போகும் பாதரசத்துக்கு
வருகைப் பதிவு.

நிரலின் விதிப்படி
இல்லாததற்கு 999 என்று அடிக்க வேண்டும்.
அடித்தேன்.
ஆயிரத்து அறுநூறு தடவை அடித்தபின்
விரல் தானாகவே அங்கே போனது.
குஸ்கின் கட்டுரையில் அது ஒரே வரி:
‘இக்காலத்துக்குத் தரவு கிடைக்கவில்லை.’

டிசம்பர் ஒன்று, 1919.
பல்கலைக்கழகம் எங்கள் மொழியில் திறந்த நாள்.
விழா உரைகள் நாற்பது பக்கம் அச்சில் இருக்கின்றன.
ஏட்டில் அன்றைக்கு:
லேசான பனி. தென்மேற்குக் காற்று. மேகம் பத்து.
அடுப்பில் ஈர விறகு.

1921 மார்ச் ஒன்பது, இரவு ஒன்பது மணி.
மைனஸ் ஏழு புள்ளி ஏழு.
இரண்டு கொக்கி.
மறுநாள் காலையும் ஏழுதான்,
வெறும் ஏழு, நேராக நிற்கிறது.
குறிப்புக் கட்டம் காலி.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
நிலவறையில் பதினான்கு டிகிரி இருக்கும்;
கையுறை போட்டால் தட்டச்சு வராது.
பிறகு தாளைப் புரட்டினேன்.
பக்கத்துக்கு இவ்வளவு காசு.